389-க்கு 15 ஓட்டு வாங்கிய மசோதா எங்கே போனது?

எடிசன்அப்பா | செவ்வாய், இரவு 10:40

என் பெண்ணுக்கு வரும் ஆகஸ்ட்டில் 21 முடிகிறது. 2010-ல் அமெரிக்கா வந்து நெவார்க்கில் விமானம் இறங்கும்போது அவளுக்கு ஐந்து வயது. இங்கேதான் பல் விழுந்து முளைத்தது, இங்கேதான் சைக்கிள் ஓட்டக் கற்றாள், இப்போது அரசுக் கல்லூரியில் மூன்றாம் வருடம். 21 முடிந்த அன்றோடு என் எச்-1பி வேலை விசாவோடு ஒட்டிய அவளுடைய எச்-4 குடும்ப விசா செத்துப்போகும். மாணவர் விசாவுக்கு மாறலாம். அதற்குப் படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்புவேன் என்று அவள் காட்ட வேண்டும். திருச்சியில் பாட்டி வீட்டையும் அந்தத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலையும் விட்டால் இந்தியாவில் அவளுக்கு ஒரு இடம் தெரியாது.

முதல் கம்பெனி கிரீன் கார்டு பேச்சையே எடுக்கவில்லை. இரண்டாவது கம்பெனி 2015 நவம்பரில் விண்ணப்பம் போட்டது, ஈபி-2 என்ற மேற்படிப்பு வேலைப் பிரிவில். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் அரசின் விசா புல்லட்டின் வந்ததும், எந்தத் தேதி வரை விண்ணப்பம் போட்ட இந்தியர்களுக்கு முறை வந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு ஒட்டி வைப்பேன். 2022-ல் வரிசை ஓடியது. 2014 டிசம்பர் 1 வரை வந்துவிட்டது. எனக்கு இன்னும் பதினோரு மாதம்தான் பாக்கி. வீட்டில் பாயசம் வைக்கலாமா என்று கேட்டாள் மனைவி, வேண்டாம், வந்த பிறகு வைக்கலாம் என்றேன். அக்டோபர் புல்லட்டினில் வரிசையை 2012 ஏப்ரலுக்குப் பின்னோக்கித் தள்ளிவிட்டார்கள். போன வாரம் பெண் அந்தத் தாளை அவளே கழற்றி மடித்து, "அப்பா, இதை இனிமே ஒட்டாதீங்க" என்று கையில் கொடுத்தாள்.

என் கோபம் இதில்தான். 2011 நவம்பரில், ஒரு நாட்டுக்கு இத்தனை கிரீன் கார்டுதான் என்ற நாடுவாரி உச்சவரம்பை நீக்கும் மசோதா கீழவையில் 389-க்கு 15 என்ற கணக்கில் நிறைவேறியது. இந்த ஊரில் ஒரு தபால் நிலையத்துக்குப் பெயர் வைப்பதற்குத்தான் இப்படி இரண்டு கட்சியும் சேர்ந்து ஓட்டுப் போடும். செனட்டில் ஒரே ஒருவர் நிறுத்தி வைத்தார், அதோடு போயிற்று. 2019 ஜூலையில் மறுபடி கீழவையில் 365-க்கு 65. 2020 டிசம்பர் 2 அன்று செனட்டே ஒரு எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேற்றியது, ஆனால் வாசகத்தை மாற்றி நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்க ஒரு மாதம் இருந்தது. யாரும் உட்காரவில்லை. ஜனவரி 3-ம் தேதி அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்து மசோதாவும் முடிந்தது. 2022 டிசம்பரில் இன்னொரு முறை ஓட்டெடுப்புக்குப் பட்டியலில் போட்டு, கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள்.

எங்கள் தொகுதி உறுப்பினர் அலுவலகத்துக்குப் போன வருடம் போனேன். ஒரு சின்னப் பையன் நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான், மரியாதையாகத்தான் பேசினான். ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது: எல்லைப் பாதுகாப்பு குறித்து எழுதியதற்கு நன்றி என்று. நான் எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இது எனக்கு மட்டும் நடக்கிறதா? உங்களில் யாராவது இவர்களிடம் ஏதாவது நகர்த்தியிருக்கிறீர்களா?

காவேரிக்கரை | செவ்வாய், இரவு 11:15

அண்ணா, படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். என் பையனுக்கு 16. எனக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கணக்கைப் பார்த்தால் ஐந்து வருடம் ஒன்றுமே இல்லை.

நான் எச்-4-ல் வந்தவள். கோவையில் நான்கு வருடம் டெஸ்டிங் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து ஏழு வருடம் சமையலறை ஜன்னலில் அடுத்த வீட்டு கராஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2015-ல் எச்-4 இஏடி, அதாவது எச்-4-ல் இருப்பவர் வேலை பார்க்கும் அனுமதி, வந்தது. முதல் சம்பளம் வந்த அன்று அம்மாவுக்குப் போன் பண்ணி அழுதேன். ஆனால் அது காங்கிரஸ் போட்ட சட்டம் இல்லை, நிர்வாகம் கொண்டுவந்த ஒரு விதி. வந்த நாளிலிருந்து வழக்கு. ஒவ்வொரு ஆட்சி மாறும்போதும் எடுத்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு. மேனேஜர் ப்ரோமோஷன் பற்றிப் பேசும்போது என் மனசு ரின்யூவல் தேதியில் நிற்கும். வேலை பார்க்க அனுமதி கொடுக்க வேண்டும் என்று காங்கிரஸ் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பத்து வருடமாக எழுதவில்லை.

பிளானோவாசி | புதன், காலை 7:05

எடிசன் சார், உங்கள் பெண் விஷயத்தில் மனசு கஷ்டமாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் 1998-ல் வந்தவன், இப்போது குடிமகன், எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போடுகிறேன். எனக்கும் இந்தச் சட்டமன்ற ஆட்கள் மேல் கோபம்தான், ஆனால் வேறு பக்கத்திலிருந்து.

1986-ல் குடியேற்றச் சட்டத்தில் ரீகன் கையெழுத்துப் போட்டார். ஏறக்குறைய 27 லட்சம் பேருக்கு நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்தது. அதற்கு ஈடாக என்ன வாக்குக் கொடுத்தார்கள்? இனி அனுமதியில்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளியைத் தண்டிப்போம் என்றார்கள். சட்டத்தில் எழுதினார்கள், "தெரிந்தே" வேலைக்கு வைத்தால் என்று. தெரிந்தே என்று யார் நிரூபிப்பது? அவன் ஒரு அட்டையைக் காட்டினான், நான் பார்த்தேன், ஐ-9 படிவத்தில் எழுதிக்கொண்டேன், முடிந்தது. மன்னிப்பு அன்றைக்கே வந்தது, அமலாக்கம் இன்றுவரை வரவில்லை. ஏமாந்தவர்கள் இரண்டாம் முறை நம்ப மாட்டார்கள், அதுதான் இந்தப் பக்கத்து மனநிலை. வெறுப்பு என்று எளிதாகச் சொல்லிவிடாதீர்கள்.

ஈ-வெரிஃபை என்று ஒன்று இருக்கிறது, வேலைக்கு வருகிறவருக்கு அனுமதி உண்டா என்று கணினியில் சரிபார்ப்பது, 1996 சட்டத்தில் பரிசோதனையாக ஆரம்பித்தது. நாடு முழுக்கக் கட்டாயமாக்க இன்னும் ஒரு காங்கிரஸாலும் முடியவில்லை. 2023 மே மாதம் கீழவை 219-க்கு 213-ல் ஒரு மசோதா நிறைவேற்றியது, அதில் அது இருந்தது. செனட் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. முதலில் இதைச் செய்யுங்கள், அப்புறம் மற்றதைப் பேசலாம். வரிசையில் நின்ற உங்களுக்குத் தண்டனை, வேலி தாண்டினவனுக்கு மன்னிப்பு என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அயோவாகுளிர் | புதன், காலை 8:30

பிளானோ அண்ணா, முதலாளியைத் தண்டிக்க வேண்டும் என்கிற வரைக்கும் நான் உங்களோடு. ஆனால் வரிசை என்று சொல்கிறீர்களே, கோழி வெட்டுகிறவனுக்கும் தக்காளி பறிக்கிறவனுக்கும் எந்த வரிசை? பட்டப்படிப்பும் கைத்தொழில் பயிற்சியும் தேவைப்படாத வேலைக்கு மொத்த உலகத்துக்கும் சேர்த்து வருடத்துக்கு 10,000 கிரீன் கார்டுக்கு மேல் கிடையாது. அதில் அவன் மனைவி, பிள்ளைகளும் அடக்கம். அவனை வேலைக்கு வைத்திருக்கிற இறைச்சி ஆலைகளை எண்ணிப் பாருங்கள், பால் பண்ணைகளை எண்ணிப் பாருங்கள். வரிசையே போடாமல் வரிசையில் நில் என்றால் எங்கே நிற்பான்?

நான் இருப்பது வடகிழக்கு அயோவா. போஸ்ட்வில் என்று பக்கத்தில் ஒரு சிற்றூர், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். 2008 மே 12 அன்று அங்கே இறைச்சி ஆலைக்குள் புகுந்து 389 பேரைப் பிடித்தார்கள். பெரும்பாலும் குவாத்தமாலாக்காரர்கள். மாட்டுக் கண்காட்சி நடத்துகிற மைதானத்தில் தற்காலிகக் கோர்ட் போட்டுப் பத்துப் பத்துப் பேராக நிறுத்தித் தண்டனை கொடுத்தார்கள். ஊர்ப் பிள்ளைகளும் பெண்களும் புனித பிரிஜிட் தேவாலயத்தில் போய் ஒதுங்கினார்கள். என் வீட்டுக்கார அம்மா அந்த வாரம் அங்கே சமைத்துப் போட்டவர்களில் ஒருவர். பெரிய பாத்திரத்தில் சாதமும் பீன்ஸும், சாப்பிட உட்கார்ந்த குழந்தைகள் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் தட்டை வைத்துவிட்டு எழுந்து நிற்கும் என்று சொல்வார். இப்போதும் அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடையும்.

ஆலையை நடத்தியவர் மேல் போட்ட குடியேற்றக் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார்கள். வங்கியை ஏமாற்றிய வழக்கில்தான் தண்டனை. அதையும் 2017-ல் ஜனாதிபதி குறைத்து அனுப்பிவிட்டார்.

2025 செப்டம்பரில் ஜார்ஜியாவில் கார் பேட்டரி ஆலை கட்டுமிடத்தில் 475 பேர். முந்நூறுக்கும் மேல் கொரியர்கள், இடுப்பிலும் காலிலும் சங்கிலி. இவர்களுக்கு அமலாக்கம் என்றால் எப்போதும் தொழிலாளியின் கணுக்காலில்தான் போய் நிற்கிறது.

மடிப்பாக்கம்டுசியாட்டில் | புதன், காலை 9:50

எடிசன் அண்ணா கேட்டது வேறு, ஆனாலும் இதை எங்காவது எழுதியாக வேண்டும்.

2025 செப்டம்பர் 20, சனிக்கிழமை. மடிப்பாக்கத்தில் தங்கை கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. காலையில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போது வாட்ஸாப் அடித்துத் தள்ளியது. எச்-1பி-க்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம், ஞாயிறு முதல் அமல், வெளியே இருப்பவர்கள் உடனே உள்ளே வந்துவிடுங்கள். கம்பெனி வக்கீலிடமிருந்தும் மெயில் வந்துவிட்டது. கையில் மஞ்சள் தடவின பத்திரிகைக் கட்டோடு நின்றுகொண்டு டிக்கெட் தேடினேன், எண்பதாயிரம் ரூபாய் டிக்கெட் பார்க்கப் பார்க்க இரண்டரை லட்சம் ஆனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய் என் பெட்டியை எடுத்துவந்து கூடத்தில் வைத்தார். மீனம்பாக்கம் போகிற வழியில், வேளச்சேரி சிக்னலைத் தாண்டும்போது பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கிற ஃபிளெக்ஸ் கண்ணில் பட்டது, என் தங்கைதான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். துபாயில் இறங்கிப் போனைத் திறந்தால் புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும்தான், ஏற்கனவே விசா உள்ளவர்களுக்கு இல்லை என்று விளக்கம். திரும்பி வர டிக்கெட் இல்லை. கல்யாணத்தைப் போனில் பார்த்தேன்.

ஒரு ஜனாதிபதி ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் கையெழுத்துப் போட்டால் இத்தனை குடும்பம் ஆடுகிறது என்றால், ஆடுவதற்கு இடம் விட்டது யார்? எண்ணிக்கை, கட்டணம், யாருக்கு என்ன உரிமை என்பதையெல்லாம் சட்டமாக எழுத வேண்டியவர்கள் எழுதாமல் விட்டதால்தான் ஆளுக்கு ஆள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எடிசன்அப்பா | புதன், மதியம் 12:20

தம்பி, உன் அப்பா பெட்டியை எடுத்து வைத்தார் என்று எழுதியிருக்கிறாயே, அங்கேயே நின்றுவிட்டேன்.

நீ சொன்னதில் இன்னொன்று சேர்க்கிறேன். 2012-ல் ஒபாமா கொண்டுவந்த டாகாவும் ஒரு கையெழுத்துதான். அனுமதியில்லாமல் கூட்டிவரப்பட்ட பிள்ளைகளுக்கு அது மூச்சுவிட இடம் கொடுத்தது, நல்லது, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த வருடம் ஜூன் 15 அன்று சட்டப்படியான விசா இல்லாதவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. என் பெண்ணிடம் செல்லுபடியாகும் எச்-4 இருந்தது. விசா இருந்ததாலும் 2007-க்குப் பிறகு வந்ததாலும் அவள் அதில் சேரவில்லை. இதைப் பதினைந்து வயதில் அவளுக்கு நான் விளக்க வேண்டியிருந்தது.

கணக்குப்பிள்ளை | புதன், மாலை 6:10

எல்லாரும் நாடுவாரி உச்சவரம்பைத் திட்டுகிறோம், ஏழு சதவீதம் அநியாயம்தான், இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே அளவு. ஆனால் உண்மையான முடிச்சு அதற்கும் மேலே இருக்கிறது. வேலைவழிக் கிரீன் கார்டு வருடத்துக்கு 1,40,000. இந்த எண்ணை எழுதியது 1990-ல். அப்போது இணையம் என்றால் பல்கலைக்கழகத்தில் சிலருக்குத் தெரியும், அவ்வளவுதான். இந்த 1,40,000-ல் மனைவி, கணவன், பிள்ளைகளும் எண்ணப்படுகிறார்கள், அதனால் பாதிக்கு மேல் குடும்பத்துக்கே போய்விடுகிறது. ஈபி-2-க்கு ஏறக்குறைய 40,000. அதில் ஏழு சதவீதம் 2,800. இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெரிய ஐடி கம்பெனியின் ஒரு கட்டடத்தில் இருப்பவர்களுக்கே அது காணாது. மற்ற நாடுகள் பயன்படுத்தாத மிச்சம் வந்து விழுந்தால் உண்டு.

உச்சவரம்பை மட்டும் நீக்கினால் என்ன ஆகும்? மொத்த எண் கூடாது. நமக்கு வரிசை குறையும், நைஜீரியாவிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிறவனுக்கு இல்லாத வரிசை புதிதாக வரும். பிலிப்பைன்ஸ் நர்சுகளுக்கும் அதே. 2019-ல் செனட்டில் நடந்த சண்டையில் பாதி இதுதான். அவர்கள் எதிர்த்ததைத் துரோகம் என்று நம் ஆட்கள் அப்போது ட்விட்டரில் எழுதிய எழுத்தைப் படித்து எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்களுக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது. ஒரே ரொட்டியை வைத்து நம்மை அடித்துக்கொள்ள விட்டவர்களைக் கேட்காமல் அடுத்தவன் கையைப் பிடித்தோம்.

2013-ல் செனட் நிறைவேற்றிய பெரிய மசோதாவில் இரண்டும் இருந்தது. உச்சவரம்பும் போகும், குடும்பத்தினரை எண்ணிக்கையில் சேர்ப்பதும் போகும்.

அப்புறம் 2021. குடும்ப வழி விசாக்கள் கோவிட்டால் மீந்து வேலைவழிக்கு வந்து, அந்த நிதியாண்டில் மொத்தம் 2,62,000 இருந்தது. செப்டம்பர் 30-க்குள் கொடுத்து முடிக்கவில்லை. ஏறக்குறைய 66,000 வீணாகிவிட்டது. காலாவதியானதை மறுபடி சேர்த்துக்கொள் என்று காங்கிரஸ் ஒரு வரி எழுதினால் போதும், யாருடைய பங்கும் குறையாது. அந்த ஒரு வரியைக்கூட எழுதவில்லை.

பழையகை2007 | புதன், இரவு 9:30

தம்பிகளா, நான் இந்தச் சண்டையில் நரைத்தவன். ஏதாவது நகர்ந்ததா என்று எடிசன் கேட்டிருந்தார். ஒரே ஒரு முறை நகர்ந்தது.

2007 ஜூலை. எல்லாருக்கும் வரிசை திறக்கிறது என்று புல்லட்டின் வந்தது. ஜனங்கள் லீவு போட்டு மெடிக்கல் எடுத்து, ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரவழைத்து, ராத்திரி முழுக்க ஃபைல் கட்டினார்கள். ஜூலை 2-ம் தேதி, எண்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன, யாரும் போட வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். நாங்கள் கல்லெறியவில்லை. பூ அனுப்பினோம். நாடு முழுவதிலுமிருந்து குடியேற்ற அலுவலகத்தின் தலைவர் பெயருக்கு மலர்க்கொத்துகள். நான் சான் ஹோசேயிலிருந்து மஞ்சள் செவ்வந்தி அனுப்பினேன், நம் ஊர்ப் பூ மாதிரி இருக்கட்டும் என்று. அத்தனையையும் அவர்கள் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார்கள், காயம்பட்ட வீரர்களுக்கு. ஜூலை 17-ல் முடிவை மாற்றினார்கள், ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பிக்கலாம் என்று. அந்த ஒரு மாதத்தில் போட்டதால்தான் எனக்குக் கிரீன் கார்டு, இப்போது பாஸ்போர்ட்.

அந்த வெற்றி ஒரு அலுவலகத்தின் முடிவை மாற்றியதோடு நின்றது. சட்டத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. அதே வருடம், ஜூன் 28-ல்தான் செனட்டில் பெரிய சீர்திருத்த மசோதா விழுந்தது. புஷ் கேட்டும் விழுந்தது. விவாதத்தை முடிக்க 60 வேண்டும், கிடைத்தது 46. முந்தின வருடம் செனட் 62-க்கு 36-ல் நிறைவேற்றிய இன்னொன்று கீழவை வாசலோடு நின்றது. 2013-ல் 68-க்கு 32. அதில் எல்லைக் காவலருக்கு இன்னும் 20,000 பேர், 700 மைல் வேலி, எல்லாம் எழுதியிருந்தது, பிளானோ நண்பர் கேட்பதெல்லாம். சபாநாயகர் போனர் ஓட்டுக்கே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நிறைவேறியிருக்கும் என்று அன்றைக்கு எண்ணத் தெரிந்த எல்லாரும் சொன்னார்கள். தன் கட்சியில் பாதிக்கு மேல் ஆதரவு இல்லாததை மேசைக்குக் கொண்டுவர மாட்டேன் என்பது அவர் வைத்திருந்த வழக்கம். அடுத்த ஜூனில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த கேன்டர் உட்கட்சித் தேர்தலில் பெயர் தெரியாத ஒரு பேராசிரியரிடம் தோற்றார், குடியேற்றத்தில் மென்மையானவர் என்று பேசியே தோற்கடித்தார்கள். அன்றோடு அவையில் எல்லாருக்கும் பயம் பிடித்துவிட்டது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே. 68 பேர் வரம் கொடுத்தார்கள், ஒரு பூசாரி நடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

வடமராட்சியான் | வியாழன், காலை 6:45

நான் டொரோண்டோவில் இருந்து எழுதுகிறேன், உங்களுடைய எச்-1பி கதைகள் எனக்கு முழுக்கப் பழக்கமில்லை. ஆனால் அமலாக்கம் என்ற சொல்லை வாசித்தபோது பேசாமல் போக மனம் வரவில்லை.

2017-ல் சான் டியேகோ எல்லையில் எங்கட ஆள், இலங்கைத் தமிழர் ஒருவர் பிடிபட்டார், எல்லை தாண்டி வந்து இருபத்தைந்து கெஜ தூரத்திலேயே. ஊரில் தன்னைக் கடத்திக்கொண்டு போய் அடித்ததாகச் சொன்னார். விசாரித்த அதிகாரி, ஊருக்குத் திரும்ப நம்பத்தக்க பயம் இல்லை என்று எழுதிவிட்டார். கோர்ட்டில் கேட்க வேண்டும் என்று அவர் போராடி அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. துரைசிங்கம் வழக்கு என்று அமெரிக்காவில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். 2020 ஜூனில் 7-க்கு 2 என்று தீர்ப்பு: அவரைப் போல் வந்தவரின் விரைவு நாடுகடத்தலை நீதிபதி மீண்டும் பார்க்கத் தேவையில்லை. நீதிபதிகளைக் கோபித்துப் பயன் இல்லை. அவர்கள் காட்டியது 1996-ல் காங்கிரஸ் எழுதிய சட்டத்தை. அந்தச் சட்டம்தான் விரைவு நாடுகடத்தலை உண்டாக்கியது. மூன்று வருடத் தடை, பத்து வருடத் தடை என்று, அனுமதியில்லாமல் இருந்துவிட்டு வெளியே போனவர் உள்ளே வர முடியாதபடி வைத்ததும் அதுதான்.

அமலாக்கத்துக்கு எழுதத் தெரிகிறது என்று சொல்லத்தான் வந்தேன். முப்பது வருடத்துக்கு முந்தி எழுதினது இன்றைக்கும் அப்படியே வேலை செய்கிறது. மற்றப் பக்கத்துக்கு எழுதச் சொன்னால் மட்டும் ஆட்கள் ஒருவரையும் காணவில்லை.

அயோவாகுளிர் | வியாழன், காலை 8:00

வடமராட்சி அண்ணா சொன்னதுதான். 2025 ஜூலையில் பார்த்தோமே. டிரம்பின் பெரிய வரி-செலவு மசோதா, செனட்டில் 50-க்கு 50, துணை ஜனாதிபதி வந்து தன் ஓட்டைப் போட்டு நிறைவேற்றினார். அதில் தடுப்புக் காவலுக்கு மட்டும் 4,500 கோடி டாலர். குடியேற்ற நீதிமன்றங்களில் முப்பது லட்சத்துக்கும் மேல் வழக்கு தேங்கிக் கிடக்கிறது. அங்கே நீதிபதிகளைக் கூட்டினால் தங்க வேண்டியவர் தங்குவார், போக வேண்டியவர் போவார், பிளானோ அண்ணா கேட்கிற ஒழுங்கும் வரும்.

பிளானோவாசி | வியாழன், மதியம் 1:15

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். பழையகை அவர்கள் சொன்ன 2013 கணக்கு எனக்குத் தெரியும், அதில் என் சந்தேகம் காகிதத்தில் எழுதிய 20,000 பேர் களத்துக்கு வருவார்களா என்பதுதான். 1986-ஐப் பார்த்தவனுக்கு அந்தச் சந்தேகம் போகாது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2024 பிப்ரவரி. ஓக்லஹோமாவின் லாங்க்ஃபோர்டு, எந்த விதத்திலும் மென்மையானவர் என்று சொல்ல முடியாதவர், நான்கு மாதம் உட்கார்ந்து மற்ற இரண்டு செனட்டர்களோடு எழுதினார். எல்லையில் ஆட்கள் கூடினால் மூடும் அதிகாரம், புகலிட விதியை இறுக்குவது, காவலுக்கு இடம், எல்லாம் இருந்தது. எங்கள் பக்கம் முப்பது வருடமாகக் கேட்டது. தேர்தல் வருடத்தில் அதை நிறைவேற்ற வேண்டாம் என்று டிரம்ப் சொன்னார். வந்து மூன்று நாளில் செத்தது, 49-க்கு 50. அன்றைக்கு என் செனட்டர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன், வாய்ஸ்மெயில் நிறைந்துவிட்டது என்றது. மறுநாளும் செய்தேன். என் கட்சியே என்னை ஏமாற்றியது என்று உணர்ந்த நாள் அது. பிரச்சனை தீர்ந்துவிட்டால் மேடையில் பேச ஒன்றும் இருக்காது என்று இவர்கள் நினைக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் முழுதாக நம்பினேன்.

எல்லாருக்கும் மன்னிப்பு என்பதை இன்றும் ஏற்க மாட்டேன். எடிசன் சார் பெண்ணைப் போன்ற பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அதற்குப் போன் செய்ய வேண்டுமென்றால் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடிசன்அப்பா | வியாழன், இரவு 10:05

பிளானோ சார், இது போதும். மற்றதில் நாம் சண்டை போட்டுக்கொண்டே இருக்கலாம்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். இத்தனை வருடம் நாம் கேட்டது "ஆதரியுங்கள்" என்று. எல்லாரும் ஆதரிக்கிறோம் என்கிறார்கள். 2020-ல் செனட்டில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது என்று நாம் சந்தோஷப்பட்டோமே, அதில் யார் பெயரும் பதிவாகவில்லை. பெயர் பதிவாகாத ஆதரவுக்கு அவர்கள் எதையும் இழக்கத் தேவையில்லை, அதனால்தான் தாராளமாகக் கொடுக்கிறார்கள்.

கீழவையில் டிஸ்சார்ஜ் பெட்டிஷன் என்று ஒன்று உண்டு. குழு முப்பது அவை நாட்களுக்கு மேல் ஒரு மசோதாவை அமுக்கி வைத்திருந்தால், 218 உறுப்பினர்கள் பெயர் போட்டுக் கையெழுத்திட்டால் சபாநாயகர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவைக்கு இழுத்துவரலாம். 2018-ல் டாகா பிள்ளைகளுக்காக ரிபப்ளிகன்கள் சிலரே ஆரம்பித்து 216 வரை வந்தது. இரண்டே இரண்டு கையெழுத்து. தலைமை பயந்துபோய் வேறு மசோதாவைக் கொண்டுவருகிறேன் என்று சமாதானம் பேசியது, அது 121-க்கு 301-ல் விழுந்தது. தோல்விதான், ஆனால் அந்த 216 பேரின் பெயரும் இன்றைக்கும் இருக்கிறது, கையெழுத்துப் போடாதவர் பெயரும் தெரிகிறது. பயந்தார்கள் என்பதை வைத்துச் சொல்கிறேன், அங்கே தொட்டால் வலிக்கிறது.

விசாவோடு வளர்ந்து 21-ல் வெளியே தள்ளப்படும் பிள்ளைகளுக்கான மசோதா 2021-ல் இரண்டு கட்சியினரும் சேர்ந்து கொண்டுவந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள் என்று சொல்கிறார்கள். இந்த முறை அலுவலகத்துக்குப் போகும்போது ஒரே கேள்விதான் கேட்கப் போகிறேன்: இதற்கு டிஸ்சார்ஜ் பெட்டிஷன் வந்தால் கையெழுத்துப் போடுவீர்களா, மாட்டீர்களா? எழுத்தில் வேண்டும். எல்லைப் பாதுகாப்புக் கடிதம் வேண்டாம்.

எனக்கு ஓட்டு இல்லை. அதுதான் அந்தப் பையன் நோட்டை மூடியதற்குக் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் தொகுதியில் ஓட்டு உள்ளவர்கள் யாராவது கூட வர முடியுமா? அடுத்த வியாழன் மதியம் 2 மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

காவேரிக்கரை | வியாழன், இரவு 10:30

நான் வட கரோலினா, அங்கே வர முடியாது அண்ணா. அதே கேள்வியை அதே வாசகத்தில் எங்கள் அலுவலகத்திலும் கேட்கிறேன். ஓட்டுள்ள பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன், எழுபது வயது, ஓய்வுபெற்ற டீச்சர், என் பையனுக்கு ஆறு வருடமாக பியானோ சொல்லிக்கொடுக்கிறார். 21-ல் அவன் போக வேண்டியிருக்கும் என்று இன்றைக்குச் சாயந்திரம்தான் அவரிடம் சொன்னேன். அவருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. நான் பொய் சொல்கிறேனோ என்று ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார்.

இசெலின்அத்தை | வெள்ளி, காலை 7:20

நான் இதுவரை இங்கே எழுதியதில்லை, படிப்பதோடு சரி. எனக்கு ஓட்டு இருக்கிறது, என் வீட்டுக்காரருக்கும் இருக்கிறது, பெரிய பையனுக்குப் போன வருடம் வந்துவிட்டது. விலாசத்தைப் போட்டுப் பார்த்தேன், எடிசன் தம்பியின் தொகுதிதான். கோயில் சமையல் கமிட்டியில் இன்னும் நான்கு பேரைக் கேட்டிருக்கிறேன், இரண்டு பேர் உறுதி. மூட்டு வலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது, உட்கார நாற்காலி இருக்குமா?

எடிசன்அப்பா | வெள்ளி, காலை 7:45

இருக்கும் அக்கா, உள்ளே ஒரு சோபாவும் ஆறு நாற்காலியும் பார்த்தேன். பெண்ணும் வருகிறாள், அவளே பேசுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அந்தத் தாளைத் திரும்பக் கேட்டு வாங்கி ஃபோல்டரில் வைத்திருக்கிறாள்.

காரைக் கட்டடத்துக்குப் பின்பக்கம் விடுங்கள், முன்னால் மீட்டர். ஒன்றே முக்காலுக்கு வாசலில் நிற்பேன்.